திங் என்னும் ஊன்தொழிலாளன் உரையும் நினைவிலாச் செயற் கொள்கையும்

கைத்தேர்ச்சி மிக்கான் ஒருவன் தன் தொழிலை இயற்றுங்கால் அவன் உள்ளத்தே நினைவு உடன் நிகழ்கின்றதா, அன்றி உடம்பு தானே செய்து முடிக்கின்றதா என்னும் வினா, மேனாட்டு மெய்ந்நூலாரிடையே ஏறக்குறைய 80 ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. வினா அவர் எழுப்பியதேனும் பொருள் யாவர்க்கும் பொது. மிதிவண்டி ஊர்வோன் எப்பக்கம் எத்துணை சாய்தல் வேண்டுமென்று கணித்து ஊர்வானல்லன். குழம்பிற்கு உப்பிடுவாள் கை அள்ளுமளவு தானே பொருந்திய அளவாய் அமைகின்றது. எத்துணை இட்டனை என இடைமறித்து வினவின் அவள் விடை கூற மயங்குவாள். தெருக்கதவைப் பூட்டி வந்தோமோ என்று பாதிவழியில் ஐயுற்றுத் திரும்புவார் நம்முட் பலர். பூட்டியது தம் கையே. ஆயினும் பூட்டியதாக நினைவில்லை. இத்தகைய சிறு நிகழ்ச்சிகளைக் கொண்டு பெருங் கொள்கையொன்று எழுப்பப்பட்டுள்ளது. அதற்குத் துணையாகப் பலரும் எடுத்துக்காட்டும் பழஞ் சீன நூற்பகுதியொன்றை முன்பின் இயைபொடு படித்து, அஃது அக்கொள்கைக்குச் சான்றாமோ என்று காண்பதே ஈண்டு எம் கருத்து.

முதற்கண் கொள்கையினைக் கூறுவாம். ஆங்கில மெய்ந்நூலாசிரியர் கில்பர்ட் இரைல் என்பார் 1945இல் நிகழ்த்திய தலைமையுரையொன்றிலும், மனத்தைப் பற்றி 1949இல் வெளியிட்ட நூலிலும், ஒன்றைச் செய்ய அறிதல் வேறு, ஒன்று இன்னதென அறிதல் வேறு எனப் பகுத்தார். அறிவுடைச் செயல் ஒவ்வொன்றும் அதற்கு முன்னிகழும் நினைவொன்றினாலேயே அறிவுடையதாகும் எனின், அந்நினைவும் ஒரு செயலேயாகலின் அதற்கு முன் மற்றொரு நினைவு வேண்டும். அதற்கு முன் மற்றொன்று வேண்டும். இவ்வாறு வரம்பின்றி ஓடும் என்பது அவர் காட்டிய குற்றம். நம் தருக்க நூலார் அநவத்தை என்பது இதனையே. 2001இல் ஸ்டான்லி, வில்லியம்சன் என்னும் இருவர் இரைலை மறுத்தெழுதினர். எனினும் முன்னினைவு வேண்டும் என்பார்க்கு அநவத்தைக் குற்றம் நீங்கியதாக எமக்குத் தோன்றவில்லை.

இரைல் நின்றவிடத்துப் பின்வந்தார் நிற்கவில்லை. கலிபோர்னியாவிற் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து ஆசிரியராயிருந்த ஹூபர்ட் டிரைபஸ் (1929-2017), ஹைடெக்கர், மெர்லோ-பொந்தி என்னும் இருவர் கருத்துக்களைத் தழுவி, தேர்ச்சி முற்றியவிடத்து நினைவு அற்றொழியும் என்று நிறுவ முயன்றார். அவரும் அவர் தம்பியார் ஸ்டூவர்ட் டிரைபஸும் 1986இல் வெளியிட்ட நூலின்படி, தொழில் பயில்வோன் ஐந்து படிகளை ஏறுகின்றான். முதற்படியில் விதிகளை எண்ணியெண்ணிச் செய்வான். ஐந்தாம் படியில் விதியுமில்லை, எண்ணமுமில்லை. நிலைமையைக் கண்டதும் செயல் நிகழும். இதற்கு அவர் காட்டிய சோதனையொன்று உண்டு. ஜூலியோ கப்லான் என்னும் சதுரங்க வல்லுநரை, நொடிக்கு ஒன்றாகத் தரப்பட்ட எண்களைக் கூட்டிக்கொண்டே, நகர்த்தலொன்றுக்கு ஐந்து நொடி வீதம், தம்மினுஞ் சற்றே தாழ்ந்த வல்லுநர் ஒருவரோடு ஆடச் செய்தனர். மனம் கூட்டலில் ஈடுபட்டிருப்பவும் அவர் ஆட்டம் தாழவில்லை.

2005இல் அமெரிக்க மெய்ந்நூற் கழகத்தின் ஒரு பிரிவிற்குத் தலைமையுரை ஆற்றிய டிரைபஸ், மக்கள் செயலனைத்தும் கருத்தளவில் அறிவு ஊடுருவியதே என்னும் ஜான் மெக்டவலின் கொள்கையைக் கடிந்தார். 2007இல் இருவரும் மாறிமாறி மறுத்தெழுதினர். அம்மறுமொழியில் டிரைபஸ், மனந் தலையிடுதல் உடம்பின் செயற்குப் பகையேயாம் என்னுமளவிற்குச் சென்றார். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் வல்லவரான சக் நாப்லாக் என்பார், எண்ணுதற்குப் பொழுதில்லாத அரிய பந்துகளைச் செவ்வனே எறிந்து, எண்ணுதற்குப் பொழுதுள்ள எளிய பந்துகளைத் தவறவிட்டார் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. எண்ணம் புகுந்தது, திறம் போயிற்று என்பது அதனாற் பெறப்படும் என்றார்.

நிற்க. இனிச் சீன நூற்கு வருவாம். சுவாங்-சூ என்னும் பெயரான் வழங்கும் நூல், கி.மு. நான்காம் நூற்றாண்டினரான அப்பெயருடையார் பெயரால் அமைந்தது. இன்று நமக்குக் கிடைப்பது கி.பி. 312இல் இறந்த குவோ சியாங் என்பார் வகுத்து உரைகண்ட 33 இயல்களையுடைய வடிவு. நூன்முழுதும் ஒருவர் வாக்கன்றென்பது ஆராய்ச்சியாளர் துணிபு. முதல் ஏழும் அகவியல்கள் எனப்படும். அவற்றுள் மூன்றாவதில் இக்கதை உளது. ஊனறுக்குந் தொழிலை நம் இதழில் எடுத்து விரித்தல் அன்பர் சிலர்க்கு உவப்பாகாது. உவமையை உவமையளவிற் கொள்க என வேண்டுவதன்றி வேறு செயலறியோம்; கதை அவ்வாறே அமைந்துளது.

திங் என்னும் அட்டிற்பணியாளன் வென்-ஹுயி என்னும் கோமகன் முன்னர் எருதொன்றைக் கூறுபடுத்துகின்றான். கைபடுமிடமும், தோள் சாயுமிடமும், அடி ஊன்றுமிடமும், முழங்கால் அழுத்துமிடமும் இசையொடு கூடிய கூத்துப்போல் இயைகின்றன. கோமகன் வியந்து, கைத்திறன் இத்துணை உயருமோ என்கின்றான். திங் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விடை கூறுகின்றான். தான் விரும்புவது கைத்திறனுக்கு அப்பாற்பட்ட நெறி. தொடக்கத்தில் தன் கண்ணுக்கு எருதேயன்றி வேறு தோன்றவில்லை. மூன்றாண்டின் பின் எருது முழுதாய்த் தோன்றுதல் ஒழிந்தது. இப்பொழுதோ கண்ணாற் பாராது உள்ளுயிர்ப்பினாற் சந்திக்கின்றான். நல்ல தொழிலாளன் ஆண்டிற்கொரு கத்தி மாற்றுவான், அவன் அறுப்பவனாதலின். பொதுத் தொழிலாளன் திங்களுக்கொரு கத்தி மாற்றுவான், அவன் வெட்டுபவனாதலின். திங்கின் கத்திக்கு அகவை 19 ஆண்டு. பல்லாயிரம் எருதுகளைக் கூறுபடுத்தியும் அது சாணையினின்று இப்பொழுதே எடுத்ததுபோல் உளது. மூட்டுக்களிடையே இடைவெளியுண்டு, கத்தியின் வாய்க்கோ தடிப்பில்லை. தடிப்பில்லாதது இடைவெளியிற் புகுங்கால் உலாவுதற்கு இடம் மிகும் என்கின்றான்.

இக்கதையைச் சான்றாகக் கொள்வார் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்துகின்றனர். மேற்பகுதியையும் எடுத்தாண்டோர் உளர். ஆயினும் அதனைக் கதைக்கு ஒட்டுப்போற் கருதிக் கடந்து செல்வாரே மிகுதி. அம்மேற்பகுதியில் திங் மேலும் கூறுவது இது: அவ்வாறாயினும், சிக்கலான கணுவொன்றை எய்துந்தோறும் அவ்விடத்தின் அருமையைக் காண்கின்றான், அஞ்சி விழிப்புறுகின்றான், பார்வை ஓரிடத்தே நிலைக்கின்றது, செயல் மெதுவாகின்றது, கத்தி மிகமிகச் சிறிதே அசைகின்றது, திடுமென எருது மண்கட்டி உதிர்வதுபோற் பிரிந்து வீழ்கின்றது. பின்னர்க் கத்தியோடு நின்று நாற்புறமும் நோக்கி, நிறைவெய்தி, கத்தியைத் துடைத்து வைக்கின்றான்.

இப்பகுதியை ஊன்றி நோக்குக. கண்ணாற் பாரேன் என்று முன்னர்க் கூறினவனே, ஈண்டு அருமையைக் காண்பதாகவும் பார்வை நிலைப்பதாகவும் கூறுகின்றான். விடைகொடுத்து அனுப்பப்பட்ட கண் கணு வந்தவிடத்து மீள அழைக்கப்படுகின்றது. இது முன்னொடு பின் முரணாகாதோ எனின், முன்னைய கூற்றின் பொருளை ஆராய்தல் வேண்டும். அவ்விடத்து மூலத்தில் இரண்டு சொற்கள் அடுத்து நிற்கின்றன. முன்னது அலுவலர் என்றும் பொறியென்றும் பொருள்படும். பின்னது அறிவு எனப் பொருள்படும். 1891இல் மொழிபெயர்த்த ஜேம்ஸ் லெக், பொறிகளின் தொழில் ஒழிந்தது என்னும் பொருள்படக் கொண்டார். 1968இல் மொழிபெயர்த்த பர்ட்டன் வாட்சன், அவ்விரண்டையும் உம்மைத்தொகைபோல் விரித்துக் காட்சியும் அறிவும் நின்றன என்னும் பொருள்படக் கொண்டார். பின்னையதைக் கொள்வார்க்கே நினைவிலாக் கொள்கை எளிதிற் கிடைக்கும். பொறியினது அறிவு நின்றது என வேற்றுமைத் தொகையாகக் கொள்ளின், நின்றது பொறியறிவேயன்றி அறிவுமுழுதுமன்று என்றாம். இரண்டற்கும் சொல் இடந்தருகின்றது. கணுவைப்பற்றிய பின்பகுதியோடு பொருந்துவது லெக் கொண்ட பொருளே என்பது எம் துணிபு, என்னை? அறிவு முழுதும் நின்றுவிட்டதாயின், இவ்விடம் அரிது என்று கண்டவர் யாவர்?

மூலத்தில் மற்றொரு நுட்பமும் உளது. சிக்கலான கணுவைக் குறிக்க வந்த எழுத்தே, திங்களுக்கொரு கத்தி மாற்றும் பொதுத் தொழிலாளனுக்கும் அடைமொழியாய் முன்னர் நின்றது. ஓரிடத்துக் கூட்டம் என்பதனாற் பொதுமையையும், மற்றோரிடத்துப் பலவும் வந்து கூடுமிடத்தையும் அது குறிக்கும். இதனைக் கொண்டு கணுவே வல்லோனையும் பொதுவோனையும் பிரிக்குமிடம் என்று ஆசிரியர் கருதினார் எனல் ஆசையாற் கூறுவதாகும். ஆயினும் படிப்போர் கண்ணுக்கு அஃது இன்பந் தருகின்றது.

அற்றேல், கணுவிடத்து மெதுவாதல் தேர்ச்சிக் குறைவின் அடையாளமாம். இன்னும் முற்றினவனுக்குக் கணுவென்பது இல்லையாம் எனின், அன்று. கணுவை எய்துந்தோறும் என்கின்றான். எப்பொழுதோ ஒருகால் என்றானல்லன். 19 ஆண்டு கத்தி கெடாதிருந்தமைக்கு ஏது இடைவெளியிற் புகுதல் மாத்திரமன்று. இடைவெளி தோன்றாதவிடத்து நிற்றலும் அதற்கு ஏதுவேயாம். கணுவொன்றில் ஒருமுறை விரைந்திருப்பின் கத்தியின் வாய் அன்றே மடிந்திருக்கும். ஆகலின் அவ்விழிப்புத் தேர்ச்சியின் உறுப்பாவதன்றிக் குறையாதல் செல்லாது.

இனி, கதையில் நிலை மூன்று உள. கத்தி ஓடும் நிலை ஒன்று. கத்தி கையிலிருப்பவே மெதுவாகி நோக்கும் நிலை ஒன்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லால் விளக்கும் நிலை ஒன்று. டிரைபஸ் முதலாவதையும் மூன்றாவதையுமே முற்றெனக் கொண்டு, மூன்றாவது புகுந்தால் முதலாவது கெடும் என்றார். அது மெய்யே. ஓடும் கத்தியோடு எவரும் விரிவுரை நிகழ்த்தார். நாப்லாக்குக்கு நேர்ந்ததும் அதுவே போலும். ஆயின் இரண்டாவது நிலைக்கு அவர் கொள்கையில் இடம் யாது? நடுநிலையாற் கூறின், 1986இன் நூலில், பொழுது வாய்ப்பின் வல்லோனும் தன் உள்ளுணர்வைச் சீர்தூக்குவான் என்று அவர் உடன்படுகின்றார். ஆயின் அதனைச் செயலினின்று விலகிநின்று நோக்கும் நோக்கமாகக் கொண்டார். திங் விலகிற்றிலன், கத்தி இறைச்சியினுள்ளேயே உளது, சிறிதே அசையவுஞ் செய்கின்றது. இந்நடுநிலையை விட்டமையால் அவர் இலக்கணம் இலக்கியத்தின் ஒருபுடையிற் செல்லாது நின்று அவ்வியாத்தியாகின்றது.

கப்லான் சோதனையும் அத்தகைத்தே. ஐந்து நொடி ஆட்டத்தில் எண்ணமின்றி ஆடலாம் என்பது அதனாற் பெறப்படும். ஐந்து நொடி ஆட்டமே ஆட்டம் என்பது பெறப்படாது. பெரும் போட்டிகளில் அதே வல்லுநர் ஒரு காயின்முன் பல நிமிடங்கள் கன்னத்திற் கைவைத்து அமர்ந்திருப்பதை யாவரும் அறிவர். நாட்டியத் தொழிலினின்று மெய்ந்நூற்கு வந்த பார்பரா மொன்தேரோ என்னும் அம்மையார் 2016இல் வெளியிட்ட நூலில், வல்லோர் தம் செயலை நினைப்பதனாற் கெடுவரென்பதற்குக் காட்டப்பெறும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துள்ளார். ஆடியவர் கூற்றாகலின் அதற்குத் தனி மதிப்புண்டு. இரைல் தாமும், பனியுறைந்த பாறைமேல் இருளிற் காற்றிடை நடக்கும் மலையேறியைக் காட்டி, அவன் கால் குருட்டுப் பழக்கத்தாற் செல்வதன்று என விளக்கினார். பழக்கத்தில் இன்றைய செயல் நேற்றைய செயலின் படி. தேர்ச்சியில் நேற்றைய செயலாற் கற்றது இன்றைய செயலைத் திருத்தும் என்பது அவர் கருத்தின் சுருக்கம். இப்பகுப்பைப் பின்வந்தார் மறந்தமை வியப்பே.

மனமென்னும் ஒரு சொல்லால் மேனாட்டார் வழங்குவதனை நம் நூல்கள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நான்காகப் பகுக்கும். அவற்றுள் ஒன்றன் தொழில் ஒடுங்கியதுகொண்டு நான்கும் ஒடுங்கின என்றல் நம் அன்பர்க்குப் பொருந்தாதெனத் தோன்றும். ஆயினும் அப்பகுப்பைச் சீன நூலின்மேல் ஏற்றிப் பொருள் காண்டல் முறையன்றாகலின் இவ்வளவில் அமைகின்றோம்.

இவ்வாராய்ச்சியில் நமக்கு என்னை என்பார்க்கு ஒன்று கூறுவல். ஏடெழுதுவோன் தொழிலும் கைத்தேர்ச்சித் தொழிலே. பனையோலையிற் புள்ளியின்றியும் எகர ஏகார வேறுபாடின்றியும் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவொன்றாகவும் எழுதப்பெற்ற மூலத்தை நோக்கி, எழுத்தாணி நில்லாது படியெடுப்பான் ஒருவனை எண்ணுக. தேர்ந்தவன் எழுத்துக்கூட்டிப் பார்ப்பதில்லை. சொல்லைக் கண்டதும் கை எழுதிச் செல்லும். பிழை புகுமிடமும் அதுவே. அருஞ்சொல் நின்றவிடத்துக் கை தான் பழகிய எளிய சொல்லை எழுதிவிடும். ஒரே சொல் இருவரியில் வரின் கண் கீழ்வரிக்குத் தாவ, இடைப்பட்டன ஒழியும். மூலம் ஆராய்வோர் யாண்டும் இரு பாடங்களுள் அரிதானதையே முதற்கண் மதித்து நோக்குதற்கு ஏது, நினையாது ஓடும் கையின் இவ்வியல்பேயாம். கற்றறியாதான் எழுதிய ஏட்டில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். எனினும் அவன் விளங்காததை விளங்காதவாறே எழுதிவைப்பான். தேர்ந்தவன் ஏட்டிற் பிழை பிழையெனத் தோன்றாது பொருள்தந்து நிற்கும். இக்காலத்து அச்சுத்தாள் திருத்துவோரும் இதனை நன்கறிவர். விரைந்து படிக்க வல்லாரே பிழையை மிகுதியும் காணாது விடுவர். யானும் அவ்வாறு விட்ட பிழைகள் அச்சேறி நகைத்து நின்றதுண்டு.

ஆகலின் ஓடும் கைகள் இருவகைய. திங்கின் கை எருதின் அமைப்பு வழிச் செல்கின்றது. அவ்வேடெழுதுவோன் கை தன் பழக்கத்தின் வழிச் செல்கின்றது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒருதன்மைய. செய்வோனுக்கும் அவ்வமயத்து ஒன்றாகவே தோன்றும். வேறுபாடு கணுவிடத்தேதான் வெளிப்படும். ஒருவன் நிற்கின்றான், மற்றவன் நில்லாது கடக்கின்றான். நினைவிலாமை ஒன்றனையே தேர்ச்சியின் இலக்கணமெனின், இவ்விருவரையும் பிரித்தறிதற்கு வழியில்லை. மேலும், கை செய்தது, யான் நினைந்திலேன் என்பானது சொல்லைக் கதவு பூட்ட மறந்தவிடத்துப் பொறுப்போம்; அறுவை மருத்துவன் வாயிலும் வண்டியோட்டி வாயிலும் பொறோம். அவன் செயல் அவனதன்று எனப் பழியை நீக்குவார் புகழையும் உடன் நீக்கினாராவர்.

இதே நூலின் 19ஆம் இயலில் வரும் கூனன் ஒருவன், ஒட்டுங்கோல் கொண்டு சில்வண்டு பிடிக்குங்கால் உலகில் வேறொன்றையும் அறியாது வண்டின் சிறகொன்றையே அறிந்து நிற்கின்றான். கோல் நுனியில் உருண்டைகளை அடுக்கி ஐந்தாறு திங்கள் பயின்றவன் அவன். உள்ளம் பிளவுபடாமையே அவன் திறனுக்கு விளக்கமாக அங்குக் கூறப்படுகின்றது. உள்ளம் இன்மை யாண்டும் கூறப்படவில்லை.

இனி, எமக்கு மாறாக ஒரு கதையை எடுத்துக்காட்டல் கூடும். 13ஆம் இயலில், சீ நாட்டுக் கோமான் ஹுவான் மேடைமேல் நூலோதிக்கொண்டிருக்க, கீழே சக்கரஞ் செதுக்கும் பியன் என்னும் தச்சன் கொட்டாப்புளியையும் உளியையும் வைத்துவிட்டு மேலேறி, ஓதுவது யாதென வினவுகின்றான். மாண்ட பெரியோர் உரை எனக் கேட்டு, அஃது அவர் விட்ட சக்கையே என்கின்றான். ஏதுக் காட்டாவிடின் இறப்பாய் எனக் கோமான் வெகுள, தச்சன் தன் தொழிலையே ஏதுவாக்குகின்றான். செதுக்கல் மெதுவாயின் தளர்ந்து பிடிப்பின்றாம்; விரைவாயின் இறுகிப் புகாதாம்; இரண்டுமன்றி அமைவது கையிற் பெற்று உள்ளத்தான் இயைவது; வாயாற் சொல்லலாகாது; மகனுக்கும் கற்பித்திலன்; அவனும் கற்றிலன்; ஆகலின் 70 அகவையிலும் தானே செதுக்குகின்றான்.

நூலோதலையே தொழிலாகக் கொண்டார் இதற்கு விடையிறுத்தல் கடன். ஒன்று நோக்குக. திங் கத்தியை வைத்தான் என்னுமிடத்தும், பியன் உளியை வைத்தான் என்னுமிடத்தும், வைத்தற்கு மூலத்தில் நின்ற வினைச்சொல் ஒன்றே. இருவரும் கருவியை வைத்த பின்னரே பேசுகின்றனர், ஆயினும் பேசுகின்றனர். தளர்வென்றும் இறுகலென்றும் பியன் இரு பக்கத்துக் குற்றமும் எடுத்தோதினான். இடையில் ஓர் அளவுண்டு என்றுஞ் சொன்னான். சொல்லலாகாதென அவன் விலக்கியது அவ்வளவு கைக்கு எட்டும் வகையை மட்டுமே. அளவு உண்டென்பதனைச் சொல்லாற் சொல்லியே அவன் தன் உயிர்க்கு வழக்காடுகின்றான். அவன் சொல் நமக்கு வந்ததும் அவன் சக்கையென்ற ஏட்டின் வழியேயாம். அதனைக் கேட்ட கோமான் அவனை விடுத்தானோ ஒறுத்தானோ என்பது நூலில் இல்லை. அவ்வியல் தச்சன் சொல்லோடு முடிகின்றது.